பட்டாளத்து உத்தியோகமும் ஒளிப்படக் கலையும்: லினேயஸ் ட்ரைப் பற்றிய ஒரு மறுநோக்கு

கலைஞன் ஒருவனை மதிப்பிடும்போது, அவன் எதனால் வயிறு வளர்த்தான் என்ற வினாவை நாம் பெரும்பாலும் இறுதியிலேயே கேட்கிறோம். சில வேளைகளிற் கேட்பதேயில்லை. ஒளிப்படத்துறையில் இவ்வினா இன்னும் எளிதாக மறைந்துவிடுகின்றது. வைத்தியர், பொறியியலாளர், வங்கி உத்தியோகத்தர் போன்றோர் விடுமுறையிற் பயணஞ்செய்து, தாமாகவே பயின்ற திறனைக் கொண்டு எடுத்த படங்களைக் காட்சிக்கு வைக்கும்பொழுது, அவற்றைப் பற்றி எழுதுவோர் வழமையானதொரு வாய்பாட்டைக் கையாளுவர். உத்தியோக நெருக்கடிகளின் மத்தியிலும் கலையுள்ளம் தனக்கொரு வெளியைத் தேடிக்கொண்டது என்பதே அது. இவ்வாய்பாட்டில் உத்தியோகம் கலையின் தடையாகவும், ஓய்வு கலையின் பிறப்பிடமாகவும், தனிமனித ஆர்வம் எல்லாவற்றையும் வென்றுவிடும் ஆற்றலாகவும் அமைந்துவிடுகின்றன. கமராவை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது, விடுமுறை எவர்க்குக் கிடைக்கின்றது, பயணத்தின் திசையை நிர்ணயித்தது எது என்பன கேட்கப்படாமலே போகின்றன.

இவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதற்கு லினேயஸ் ட்ரைப்பைப் போலப் பொருத்தமான ஒருவர் கிடைப்பது அரிது. கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையில் உத்தியோகத்தராக இருந்த இவர், 1850களில் மைசூர்ப் பிரதேசம், பர்மா, தமிழகம் ஆகிய இடங்களில் எடுத்த படங்கள் நெடுங்காலம் நூலகங்களின் பேழைகளிற் கிடந்தன. 2014இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் தொடங்கி, நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையிலும், 2015இல் இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையிலும் நடைபெற்ற கண்காட்சி அவரைப் பெருங்கலைஞர் வரிசையில் நிறுத்தியது. அவ்வரிசைக்கு அவர் உரியவர் என்பதில் எமக்கு ஐயமில்லை. அவரை அங்கு கொண்டு சேர்த்த வழிதான் ஆராயத்தக்கது.

1822இல் இங்கிலாந்தின் டெவன்போட் துறைமுக நகரிற் பிறந்த ட்ரைப், பதின்ம வயதிலேயே கம்பனிப் படையிற் சேர்ந்து, 12ஆம் சென்னைச் சுதேசக் காலாட்படையில் இணைக்கப்பட்டார். 1850களின் தொடக்கத்தில் நீண்ட விடுமுறையில் இங்கிலாந்து சென்றிருந்தபோதே அவர் ஒளிப்படம் எடுக்கத் தலைப்பட்டார். 1853இல் இலண்டனில் ஒளிப்படச் சங்கம் தோன்றியபோது அதன் தொடக்ககால உறுப்பினருள் ஒருவரானார். டெவன்போட்டின் கப்பற்றளங்களும் உலர்துறையில் நின்ற கப்பல்களும் அவருடைய முதற் பொருள்களாயின.

இவரைச் 'சுயமாகப் பயின்றவர்' என்று கூறுவது பிழையன்று. ஆனால் அச்சொல்லுக்கு அக்காலத்திற் பொருள் வேறு. ஒளிப்படக் கலையின் கண்டுபிடிப்பு 1839இலேயே உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதனைக் கற்பிக்கும் கல்லூரி எதுவும் இல்லாதிருந்த அத்தலைமுறையில் ஏறக்குறைய அனைவரும் சுயமாகப் பயின்றவர்களே. ஆகவே, அவர் எவரிடமும் பயிலாதது வியப்பன்று; பயில்வதற்கான காலமும் பணமும் அவருக்கு வாய்த்தமையே வரலாற்றுச் செய்தியாகும். ஐரோப்பிய உத்தியோகத்தருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும் தாயக விடுமுறை உரிமையாக இருந்தது. அதே படையணியில் அவரின் கீழ் நின்ற சிப்பாய்க்கு அத்தகைய விடுமுறையும், கமராவும், வெள்ளி உப்புக்களும் எண்ணிப் பார்க்கவும் இயலாதவை. அப்படியாயின் 'தானாகக் கற்றல்' என்பது தனிமனிதனின் உளப்பண்பு மட்டுமன்று; அது ஒரு சமூக இருப்பிடமுமாகும்.

1854இல் பெங்களூருக்கு மீண்ட ட்ரைப், அவ்வாண்டின் இறுதியில் ஹளேபீடு, பேலூர் ஆகிய ஊர்களின் கோயில்களைப் படமெடுத்தார். அடுத்த ஆண்டு சென்னையில் நடைபெற்ற கண்காட்சியில் 68 படங்களை வைத்து முதற்பரிசு பெற்றார். இக்கண்காட்சியின் பெயரே நோக்கத்தக்கது: தென்னிந்தியாவின் மூலப்பொருள்கள், கலைகள், உற்பத்திகள் ஆகியவற்றின் கண்காட்சி அது. ஒரு நாட்டின் விளைபொருளையும் அதன் கோயிலையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பார்க்கும் பார்வை அது. ட்ரைப்பின் கலை முதன்முதலாகப் பொதுமக்கள் முன்வந்த மேடை, கம்பனி தன் உடைமைகளைக் கணக்கெடுத்துக்கொண்ட மேடையே. இதனால் அப்படங்களின் கலைமதிப்புக் குன்றிவிடாது. ஆனால் அவை முதன்முதல் எத்தகைய கண்களுக்குக் காட்டப்பட்டன என்பதை நாம் மறத்தலாகாது.

பரிசு, பதவியைக் கொண்டுவந்தது. 1852இல் நிகழ்ந்த இரண்டாம் ஆங்கில-பர்மியப் போரின் பின் பெகு மாகாணத்தைக் கைப்பற்றிக்கொண்ட ஆங்கில அரசு, அதனை ஒப்புக்கொள்ளுமாறு மிண்டோன் மன்னரிடம் 1855இல் ஆதர் பெயர் தலைமையில் ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. அக்குழுவின் ஒளிப்படக்காரராகப் போனவர் ட்ரைப். மன்னர் உடன்படிக்கையிற் கைச்சாத்திடவில்லை. தூது அந்த வகையில் வெறுங்கையுடன் திரும்பியது. ட்ரைப் மட்டும் வெறுங்கையுடன் திரும்பவில்லை. அவர் கொண்டுவந்த நெகட்டிவ்களிலிருந்து 120 காட்சிகள் கொண்ட 50 தொகுதிகள், அதாவது 6,000 பிரதிகள், பெங்களூரிற் கையால் ஆக்கப்பட்டன. அமரபுரத்தின் மரப்பாலமும், 1839ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற் பிளந்த மிங்குன் பெரும்பகோடாவும், பாகானின் கோயில்களும் அவற்றில் உள்ளன. சில ஆண்டுகளுக்குள் மிண்டோன் தலைநகரை மாண்டலேக்கு மாற்றியதனால், அமரபுரம் தலைநகராக இருந்த தோற்றத்துக்கு இப்படங்களே அரிய சான்றாயின. படங்களிற் காணப்படும் குறைகளுக்குக் காலக்குறைவையும், வானிலையையும், தம் உடல்நலத்தையும் ட்ரைப் காரணமாகக் கூறிக்கொண்டார். கணக்கொப்புவிக்கும் உத்தியோகத்தனின் குரலை இதில் நாம் கேட்கிறோம். தன் படைப்புக்குக் கலைஞன் எழுதும் முன்னுரை அன்று இது; மேலதிகாரிக்குக் கீழுள்ளவன் எழுதும் அறிக்கை.

1856இல் அவர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரிற் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, சேலம் மாவட்டத்து இராயக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனத் தமிழகத்தின் ஊடாக அவர் மேற்கொண்ட பயணமே நமக்கு நேரடியாகத் தொடர்புடையது. இந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். வடக்கே கம்பனியாட்சிக்கு எதிரான பேரெழுச்சி இன்னும் அடங்கவில்லை. 1858 மார்ச்சில் இலக்னோ மீண்டும் கம்பனிப் படையிடம் வீழ்ந்த நாள்களில், ட்ரைப் தெற்கே கோயிற் பிராகாரங்களில் கமராவை நிறுத்திக்கொண்டிருந்தார். தஞ்சை அரண்மனையை அவர் படமெடுத்தபோது, ஆண் வாரிசின்றி மன்னர் இறந்ததைக் காரணங்காட்டிக் கம்பனி அவ்வரசை விழுங்கி மூன்று ஆண்டுகளும் நிறைந்திருக்கவில்லை. இச்செய்திகளுள் எதுவும் படத்தினுள் இல்லை. அதே 1858இல் இலக்னோ சென்ற பீலிஸ் பீற்றோ, சிக்கந்தர் பாக் மாளிகையின் முன்றிலில் மனித எலும்புகள் சிதறிக்கிடக்கும் படத்தை எடுத்தார். பீற்றோ படங்களை விற்றுப் பிழைத்தவர். போரின் கொடூரம் அவருக்கு விலைபோகும் பொருள். ட்ரைப்புக்கு மாதச் சம்பளம் இருந்தது. அவருடைய தெற்கு அமைதியாக இருக்கின்றது.

இந்த அமைதியைப் பற்றிச் சிறிது விரிவாகப் பேச வேண்டும். திருமலை நாயக்கர் கட்டுவித்த மதுரைப் புதுமண்டபத்தின் பக்கத் தாழ்வாரத்தைக் காட்டும் படம் அவருடைய ஆக்கங்களுள் மிகவும் போற்றப்படுவது. தூண் வரிசை பார்வையை உள்ளே இழுத்துச் செல்கின்றது. ஒரு பக்கத்திலிருந்து விழும் ஒளி, கல்லின் ஒவ்வொரு மடிப்பையும் தனித்தனியே எண்ணிக் காட்டுகின்றது. காகித நெகட்டிவ்வின் நார்த்தன்மை கல்லின் சொரசொரப்போடு ஒன்றாகிவிடுவதனால், படமே கல்லாற் செய்யப்பட்டதோ என்ற மயக்கம் உண்டாகின்றது. இது உயர்ந்த கலை. ஆனால் அத்தாழ்வாரத்தில் எவருமில்லை. பிற்காலத்திலே தையற்காரரும், பாத்திரக் கடைக்காரரும், புத்தகக் கடைக்காரரும் தலைமுறை தலைமுறையாக இருந்து தொழில் செய்த மண்டபம் இது என்பதை அறிந்த ஒருவர், அந்த வெறுமையைப் பார்த்துச் சற்றே திடுக்கிடாமல் இருக்க முடியாது.

இதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று வழமையாகக் கூறப்படும். மெழுகு பூசிய காகித நெகட்டிவ்வில் உருவம் பதிய நெடுநேரம் ஒளி விழவேண்டும். அந்நேரத்தில் நடமாடுவோர் படத்திற் பதியமாட்டார் என்பர். இது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. அசையாது நிற்கும்படி கேட்கப்பட்ட மனிதர் பதிவர். ட்ரைப்பின் சில படங்களிலேயே கட்டடத்தின் அளவைக் காட்டுவதற்கெனச் சிலர் நிறுத்தப்பட்டுள்ளனர். ஆகவே, மனிதர் இல்லாமை இரசாயனத்தின் கட்டளை மட்டுமன்று, தெரிவும் ஆகும். இதனை உறுதிப்படுத்தும் இன்னொரு செய்தி உண்டு. அக்காலத்து நெகட்டிவ்கள் நீல ஒளியை மிகுதியாக உள்வாங்குவதனால், வானம் வெறும் வெள்ளையாகவே பதியும். ட்ரைப் இதனை ஏற்கவில்லை. நெகட்டிவ்வின் மீது வண்ணந்தீட்டி மேகங்களை வரைந்தார். மரங்களின் இலைத்தொகுதிகளையும் சில இடங்களில் திருத்தினார். கமராவுக்கு அகப்படாத மேகத்தைத் தூரிகையால் வருவித்த கைக்கு, கமரா தவறவிட்ட மனிதர் ஒரு குறையாகத் தோன்றவில்லை.

வெறுமையாக்கப்பட்ட கோயில் பழம்பொருளாகின்றது. பழம்பொருளுக்கு உரிமையாளர் இல்லை. பாதுகாவலர் மட்டுமே உண்டு. அப்பாதுகாவலர் யார் என்பதை அதே மதுரைத் தொகுதியில் உள்ள வேறொரு படம் சொல்லிவிடுகின்றது. மதுரைக் கோட்டையின் மதில்களை இடித்து அகழியைத் தூர்ப்பித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்ட விளக்குத்தூணையும் ட்ரைப் படமெடுத்தார். யானைமலையும், வைகைக் கரைப்பாதையும், நாயக்கர் அரண்மனையின் சிதைவும் உள்ள அதே வரிசையில் அது நிற்கின்றது. அதுவரை கடந்தகாலமாகக் காட்டப்பட்ட நகரத்தில், நிகழ்காலத்துக்கு உரியது கலெக்டரின் தூண் ஒன்றே.

இவ்வளவையும் கூறி, ட்ரைப் ஏகாதிபத்தியத்தின் கண் என்று முடித்துவிட்டாற் கட்டுரை எளிதாகிவிடும். கடந்த சில பத்தாண்டுகளில் காலனித்துவ ஒளிப்படம் பற்றி எழுதியோர் பலர் அவ்வாறே முடித்துள்ளனர். நூதனசாலைகளின் போற்றுதலுக்கு அது தேவையான எதிர்வினை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர் என்பது பலரால் உணரப்படவில்லை. முதற்சாரார் உத்தியோகத்தை நீக்கிவிட்டுக் கலைஞனைக் காண்கின்றனர். இரண்டாஞ்சாரார் கலைஞனை நீக்கிவிட்டு உத்தியோகத்தைக் காண்கின்றனர். உத்தியோகமும் கலையும் ஒன்றையொன்று விலக்குவன என்ற அதே எடுகோளே இருவர்க்கும் அடிப்படை. எமது கருத்து வேறு. நேராகப் பார்த்தல், அளவு பிசகாமை, ஒன்றை முழுமையாகச் சுற்றிப் பார்த்த பின்னரே அடுத்ததற்குச் செல்லுதல் ஆகிய ட்ரைப்பின் கலைக்குணங்கள் யாவும் பட்டாளத்தில் வளர்ந்த குணங்கள். ஒரு கோட்டையை நோட்டமிடும் பயிற்சி பெற்ற கண் அது. அக்கண்ணின் குருட்டுத்தன்மையும் கூர்மையும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிட முடியாது.

நம் நாட்டு உதாரணம் ஒன்றை இங்கு ஒப்புநோக்கலாம். லயனல் வென்ட் இலண்டனிற் சட்டம் பயின்றவர், பியானோக் கலைஞர், ஒளிப்படத்தைப் பிழைப்புக்காகக் கைக்கொண்டவரல்லர். அவருடைய படங்களில் மனித உடலே மையம். 1944இல் அவர் மறையும்வரை எந்த அரசாங்கக் கட்டளையும் அவருடைய கமராவைத் திருப்பவில்லை. உயர்நீதிமன்ற நீதியரசரின் மைந்தருக்குக் குடும்ப வசதி வழங்கிய சுதந்திரம் அது. ட்ரைப்புக்குக் கம்பனிச் சம்பளம் கருவியையும் பயணத்தையும் வழங்கியது. இதனை மட்டும் வழங்கவில்லை. இருவரையும் 'ஆர்வலர்' என்ற ஒரே சொல்லால் அழைக்கும் விமரிசனம் எதனை விளக்கப்போகின்றது?

இனி, ட்ரைப்பின் உத்தியோகக் கண் அதன் எல்லையைத் தானே கடந்த ஓர் இடத்துக்கு வருவோம். தஞ்சைப் பெருங்கோயிலின் விமான அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை அவர் பதிவு செய்தார். ஒரு படத்தில் அடங்காத நீளம் அது. கமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒளியையும் தூரத்தையும் மாறாது காத்து எடுத்த 21 படங்களை ஒட்டியபோது, ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே நெடும்படம் உருவாயிற்று. ஒட்டிய இடத்தில் எழுத்து முறியாதிருக்க வேண்டும். ஒரு துண்டு இருண்டு மறுதுண்டு வெளுத்திருக்கலாகாது. காகித நெகட்டிவ்வைக் கொண்டு, தென்னாட்டு வெயிலில், 1858இல் இதனைச் செய்தமை தொழில்நுட்ப நோக்கிற் பெரும் சாதனையாகும்.

ஆனால் நாம் இதனைச் சாதனைக்காகக் குறிப்பிடவில்லை. இந்த நெடும்படத்தில் ட்ரைப்பின் வழமையான அழகியல் முழுவதும் பின்வாங்கிவிடுகின்றது. வானமில்லை, ஆகவே தீட்டிய மேகமும் இல்லை. பார்வையை உள்ளிழுக்கும் தூண்வரிசை இல்லை. ஓரத்தில் நிழல்தரும் மரமும் இல்லை. உள்ளது வாசிக்கப்பட வேண்டிய எழுத்து மட்டுமே. இராசராசன் காலத்து எழுத்தைப் படமெடுத்தவர் அறிந்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அறியாதவர் ஒருவர் அறிந்தவர்க்காகச் செய்த பணி அது. கற்றளியைச் சுற்றி வரும் அந்த எழுத்தின் பொருளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் விமானத்திலே கல்லில் வெட்டுமாறு மன்னன் இட்ட ஆணையை அவ்வடித்தளத்துக் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. பொன்னும் வெள்ளியும் எடை பிசகாமல் அவற்றில் எழுதப்பட்டுள்ளன. ஒரு பேரரசின் கணக்கை மற்றொரு பேரரசின் கணக்கன் படியெடுத்திருக்கிறான். தஞ்சைக் கல்வெட்டுக்களை ஹுல்ட்ஷ் அச்சிட்டு வெளியிடத் தொடங்கியது 1891இலேயே என்பதை நினைத்தால், அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முந்திய இப்பதிவின் பெறுமதி விளங்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த பின்னர், படியெடுத்து வைக்கப்படாத ஏடு என்றால் என்ன என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆயின், வெறுமையான தாழ்வாரத்தை எடுத்த அதே கமரா இங்கு மாத்திரம் எவ்வாறு மனிதரைக் கொண்டுவந்தது? கல்வெட்டில் மனிதர் ஏற்கெனவே இருந்தனர். கொடுத்தவரும் பெற்றவரும் பொறுப்பேற்றவரும் எழுத்தாக இருந்தனர். ட்ரைப் செய்ததெல்லாம் அவர்களை மறைக்காமல் விட்டதுதான். சென்னையில் 1858இல் அவர் படமெடுத்த அமராவதிச் சிற்பங்களோடு இதனை ஒப்பிடலாம். வோல்ட்டர் எலியட் அகழ்ந்தெடுத்த அச்சிற்பங்கள் மறு ஆண்டில் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்றும் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளன. அங்கே படம், பொருள் கைமாறுமுன் எழுதப்பட்ட இருப்புப் பட்டியலாக நின்றது. தஞ்சையிலோ கல் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் சொல் மட்டுமே பயணப்பட்டது. ஒரே ஆண்டு, ஒரே கை, ஒரே எசமானர், விளைவு வேறு. இவ்வேறுபாட்டைக் கலைஞனின் உள்ளத்திலே தேடுவதிற் பயனில்லை. படத்தின் பயன்பாட்டிலேயே அதனைத் தேட வேண்டும்.

இந்த நெடும்படத்துக்குச் சாரம் கட்டியவர், கல்லைத் துடைத்தவர், நீர் சுமந்தவர், மாட்டு வண்டியிற் கருவிகளைக் கொண்டுவந்தவர், இருட்டறையிற் பிரதி எடுக்க உதவியவர் எனப் பலர் இருந்திருக்க வேண்டும். பல்லாயிரம் பிரதிகளை ஒருவர் தனித்து ஆக்கியிருக்க முடியாது. ட்ரைப் உள்ளூர் உதவியாளரைப் பயிற்றுவித்துக் கொண்டார் என்பதும் தெரிந்ததே. அவரிடம் வேலைசெய்து கற்றுக்கொண்ட அந்தத் தமிழரைச் 'சுயமாகப் பயின்ற ஒளிப்படக் கலைஞர்' என்று எந்தக் கண்காட்சிச் சுவரும் அழைக்கவில்லை. தமக்குக் கொடுத்தவரின் பெயரைக் கல்லிலே வெட்டி வைத்த சோழர் காலத்துக் கோயில் இவ்விடயத்திற் சற்றே தாராளமாக நடந்துகொண்டது என்று சொல்லத் தோன்றுகின்றது. அங்கும் கல் சுமந்தவரின் பெயரைத் தேடினால் நிலைமை வேறுதான்.

1859இல் சென்னையின் ஆளுநராக வந்த சார்ள்ஸ் ட்ரெவெலியன், எழுச்சியை அடக்கியதாற் காலியான கருவூலத்தைக் கண்டு, ஒளிப்படம் அரசுக்குத் தகாத ஆடம்பரம் எனக் கருதி ட்ரைப்பின் பணியை நிறுத்திவிட்டார். வேலை முடிவுற்றது, கருவிகள் கைவிடப்பட்டன, அவர் மீண்டும் படையுத்தியோகத்தரானார். தொடக்கத்திற் குறிப்பிட்ட வாய்பாடு சரியாயின், இதன் பின்னரே அவர் உண்மையான கலைஞராகியிருக்க வேண்டும். கட்டளையில்லை, அறிக்கையில்லை, மேலதிகாரியில்லை. கண் இருந்தது, கை இருந்தது, நாற்பது வயதும் நிரம்பவில்லை. ஓய்வுநேரத்திலே, தம் விருப்பப்படி, தாம் விரும்பிய தெருவையும் மனிதரையும் அவர் எடுத்திருக்கலாம். அவர் 1902வரை வாழ்ந்தார். அந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அவர் எடுத்தனவாக அறியப்படும் படங்கள் மிகச் சிலவே.